கிராமத்து இளைஞர் மன்றம்: போட்டி முடிந்த பிறகு என்ன செய்வது?

செம்மண்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. ஊர் சிறியது, மன்றத்துக்கு ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு திடலும் உண்டு. உறுப்பினர்களில் 14 வயதுப் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள், 25 வயதை நெருங்கும் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெயரேட்டைப் பார்த்தால் மன்றம் பெரியதாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கொரு முறை நடக்கும் விளையாட்டுப் போட்டி முடிந்துவிட்டால் கூட்டத்துக்கு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊராருக்கு எங்கள் நினைவு வருவது விழா நாட்களில்தான். நாற்காலி போடவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்யலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்துக்குக் கூப்பிடுவதில்லை. படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்குப் போனவர்கள் விடுமுறையில் மட்டும் தலைகாட்டுகிறார்கள். பெண் உறுப்பினர்கள் ஏட்டில் இருக்கிறார்கள், கூட்டத்தில் இல்லை.

ஆண்டு முழுவதும் தொடரக்கூடிய செயல்பாடுகள் எவை, ஊருக்கு உண்மையிலேயே பயன்படும் தன்னார்வப் பணிகள் எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மன்றத்திடம் பணமும் அதிகம் இல்லை, வாகனமும் இல்லை. யாரைக் கேட்டாலும் மரம் நடுதல், துப்புரவு முகாம், விழிப்புணர்வுப் பேரணி என்ற மூன்றையுமே சொல்கிறார்கள். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அவை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகின்றன, மறுநாள் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.


பழைய செயலாளர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது செயல்பாடுகளின் பட்டியல்; ஆனால் உங்கள் பதிவில் எனக்கு முதலில் உறுத்தியது, நாற்காலி போட அழைக்கிறார்கள், முடிவெடுக்க அழைப்பதில்லை என்ற வரிதான். அது சரியாகாதவரை எத்தனை நிகழ்ச்சிகளைப் புதிதாகச் சேர்த்தாலும் அவையும் நாற்காலி போடும் வேலையாகவே முடியும்.

ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட தம் கட்டுரையில், சிறுவர்களும் இளையோரும் பொதுக் காரியங்களில் பங்கேற்பதை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்காக இளையோரை ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்காக மேடையில் நிறுத்துவது, பேருக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு அவர்கள் பேச்சைக் கேளாமல் விடுவது ஆகிய கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாவது படி எதுவென்பதைப் பலரும் தவறாகவே ஊகிக்கிறார்கள்: பெரியவர்களை விலக்கிவிட்டு இளையோர் தாமே எல்லாவற்றையும் நடத்துவது ஏழாவது படிதான், இளையோர் தொடங்கி, பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு கூடி முடிவெடுப்பதே அவருடைய உச்சிப் படி. ஆகவே ஊர்ப் பெரியவர்களோடு மோதவேண்டிய தேவை எதுவும் இல்லை. அடுத்த முறை அழைப்பு வரும்போது, வேலையை ஏற்கிறோம், திட்டமிடும் கூட்டத்திலும் எங்களில் இருவர் உட்காருவோம் என்று பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட பகுதியை, உதாரணமாக விழாவின் குடிநீர் ஏற்பாட்டையோ விழா முடிந்த பின் குப்பை அகற்றுவதையோ, அதற்குரிய பணத்தோடு முழுப் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கிராமத்து இளைஞர் மன்றங்கள் உலகில் எப்படித் தோன்றின என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. 1902-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர், கிராமத்துச் சிறுவர் சிறுமியரைச் சனிக்கிழமைகளில் கூட்டி, லிட்மஸ் தாளால் மண்ணைச் சோதிப்பது, விதையைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றைச் செய்ய வைத்தார். பின்னாளில் ஃபோர்-ஹெச் என்று பெயர் பெற்று, இன்று 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கும் இயக்கத்தின் தொடக்கமாக அதைக் குறிப்பிடுகிறார்கள். 1910-இல் தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்கென்று தக்காளி மன்றம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொருத்திக்கும் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலம், விளைந்ததைப் பதப்படுத்தி விற்ற வருவாய் அவளுக்கே. இங்கிலாந்தில் 1921-இல் டெவன் பகுதியின் ஹெமியாக் என்ற ஊரில் தொடங்கிய மன்றத்தில் இளையோர் மாட்டுக் கன்றுகளை வளர்த்தார்கள். அதுபோன்ற மன்றங்கள் பெருகி 1932-இல் ஒரு கூட்டமைப்பே உருவானது. புதிய வேளாண் முறைகளைப் பெரியவர்கள் எளிதில் ஏற்காதபோது, பிள்ளைகளின் பாத்தியில் விளைந்ததைக் கண்ட பிறகு ஏற்றார்கள் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

இவை எல்லாவற்றிலும் நான் காணும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனக்கென்று ஒரு பாத்தியோ ஒரு கன்றோ இருந்தது. அதன் வளர்ச்சியையும் செலவையும் வரவையும் எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தது. கூட்டத்துக்கு வந்தால் சொல்வதற்கு அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது. உங்கள் மன்றத்தில் கூட்டத்துக்கு ஆள் வராததற்குச் சோம்பல் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வந்து சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒரு பெரிய நிகழ்ச்சியைவிட, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சிறிய பொறுப்பு இருப்பதே மன்றத்தை ஆண்டு முழுவதும் நிற்கவைக்கும் என்பது என் கருத்து.

பயிற்சி என்று பார்த்தால், நீங்கள் எடுத்தாளத் தக்க ஒரு பழைய முறையும் அந்த மன்றங்களில் இருக்கிறது. கால்நடைகளை வரிசையாக நிறுத்தி, எது சிறந்தது என்று தரவரிசைப்படுத்தச் சொல்வார்கள். பிறகு ஏன் அவ்வாறு வரிசைப்படுத்தினாய் என்பதை நடுவர் முன் வாய்விட்டு விளக்கச் சொல்வார்கள். மதிப்பெண்ணில் ஒரு பகுதி அந்த விளக்கத்துக்குத்தான். கால்நடைக்குப் பதில் நாற்றுகளையோ, பழுது பார்த்த கருவிகளையோ, ஊருக்கான மூன்று திட்டங்களையோ கூட இப்படி வரிசைப்படுத்தச் சொல்லலாம். மேடைப் பேச்சுக்குக் கூசுகிற பிள்ளைகளும் தாம் கண்ணால் கண்டதைப் பற்றி என்றால் தயங்காமல் பேசுவார்கள்.


மழைமானி எழுதியது:

மூத்தவர் சொன்ன குறிப்பேட்டிலிருந்தே நானும் தொடங்குகிறேன். கிராமத்து இளைஞர்களிடம் இருக்கும், நகரத்து மன்றங்களால் எவ்வளவு பணம் கொடுத்தும் வாங்க முடியாத ஒரு வசதி, அவர்கள் வாழும் இடமே. வயலும் ஏரியும் கிணறும் ஓடையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிய தொடர்ச்சியான பதிவுகள் பெரும்பாலான ஊர்களில் இல்லை. அந்தப் பதிவை உருவாக்குவதே மிகச் சிறந்த தன்னார்வப் பணிகளில் ஒன்று. செலவும் மிகக் குறைவு.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெருவெள்ளம் வந்தபோது, சில கிலோமீட்டர் இடைவெளிக்குள்ளேயே மழையளவு பெரிதும் வேறுபட்டிருந்ததும், அதை அப்போதைக்கப்போது பதிவு செய்யப் போதிய மழைமானிகள் இல்லாததும் தெரியவந்தன. அதன் விளைவாக 1998-இல் தன்னார்வலர்களைக் கொண்ட ஒரு மழைப் பதிவு வலையமைப்பு அங்கே தொடங்கி, இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. பங்கேற்பவர்கள் அவரவர் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து அளப்பவர்களே. மழை பெய்யாத நாளிலும் 'பூச்சியம்' என்று பதிவு செய்யும்படி அங்கே வற்புறுத்துகிறார்கள், ஏனென்றால் வெற்றிடமாக விடப்பட்ட நாள் மழை பெய்யாத நாளா, அளக்க மறந்த நாளா என்பது பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.

அளவுமானியை நீங்களே செய்துகொள்ளலாம். பக்கங்கள் நேராகவும் வாயகலமும் அடியகலமும் ஒன்றாகவும் உள்ள ஒளிபுகும் பாத்திரம் ஒன்றும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும். ஞெகிழிப் புட்டியை வெட்டிப் பயன்படுத்தினால் அதன் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். அதைக் கூழாங்கற்களும் தண்ணீரும் இட்டு நேர்ப்பகுதி வரை நிரப்பி, அங்கே பூச்சியக் கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். மரமோ சுவரோ அருகில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்குத் தொலைவாவது தள்ளி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், ஒரு கூரையிலிருந்து எவ்வளவு நீரைச் சேமிக்க முடியும் என்பதை அவர்களே கணக்கிட்டுவிடுவார்கள். இதோடு ஊரில் சில கிணறுகளைத் தேர்ந்து, கைப்பிடிச் சுவரில் ஒரு நிலையான குறி இட்டு, அந்தக் குறியிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் மழைக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள உறவு உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்று காட்டும் வரைபடம் மன்றத்தின் சுவரில் தொங்கும். அத்தகைய ஒரு வரைபடத்தோடு பேசப் போகிறவரை நாற்காலி போட மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பறவை நோக்குதலும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாற்றாக எண்ணும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அந்தக் கணக்கெடுப்பு இன்னும் தொடர்கிறது. பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, 2002-இல் தொடங்கப்பட்ட, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். தொலைநோக்கி இல்லாமலும் இதைத் தொடங்கலாம்.

துப்புரவு முகாமைப் பற்றி நீங்கள் சலிப்போடு எழுதியிருந்தீர்கள். அதையும் இதே கண்ணோட்டத்தோடு செய்தால் அதன் தன்மை மாறிவிடும். 1986-இல் டெக்சஸ் கடற்கரையைச் சுத்தம் செய்த தன்னார்வலர்கள், எடுத்த குப்பை ஒவ்வொன்றையும் வகை பிரித்து அட்டையில் குறித்துவைத்தார்கள். பல நாடுகளில் இன்று நடக்கும் கடற்கரைத் துப்புரவு இயக்கம் அதிலிருந்து வளர்ந்ததே. உங்கள் ஓடையில் கிடப்பவற்றில் பாதி ஒரே வகைப் பொருளின் உறை என்று எண்ணிக்கையோடு தெரிந்துவிட்டால், அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மரம் நடுவதும் அப்படித்தான்: நட்ட நாளின் எண்ணிக்கையைவிட, இரண்டாவது கோடைக்குப் பின் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்ற எண்ணிக்கைதான் உண்மையைச் சொல்லும், ஆகவே தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் நடுங்கள்.


செம்மண்தடம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சிறிய பொறுப்பு என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. கிணறுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் பள்ளி மாணவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது, இருந்தாலும் கிணற்றோரம் சிறுவர்களைத் தனியே அனுப்பத் தயக்கமாகவும் இருக்கிறது. பெண் உறுப்பினர்களைப் பற்றியும் வெளியூரில் இருப்பவர்களைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? மாலை நேரக் கூட்டம் என்றாலே பெண் பிள்ளைகளின் பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள்.


செவிலி எழுதியது:

தம்பி, தயக்கம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். கிணற்றை அளப்பதை 18 வயது நிறைந்த ஒருவரும் ஓர் இளையவரும் சேர்ந்தே செய்வது என்று விதியாக வைத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் எல்லாப் பகுதிகளிலும் 1 முதல் 24 வயது வரையானவர்களின் மரணத்துக்கான முதல் பத்துக் காரணங்களுள் நீரில் மூழ்குவதும் ஒன்று. திறந்த கிணறுகளும் குட்டைகளும் உள்ள கிராமங்களில் இதைத் தடுப்பதே ஓர் இளைஞர் மன்றம் செய்யக்கூடிய மிக உயர்ந்த தொண்டு என்று நான் கருதுகிறேன்; ஆனால் இதைப் பட்டியலில் சேர்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

செய்ய வேண்டியவையும் கடினமானவை அல்ல. ஊரில் குழந்தைகள் எட்டக்கூடிய நீர்நிலைகள் எவை என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பில்லாதவற்றுக்குத் தடுப்பு கேட்டு உள்ளாட்சி நிர்வாகத்திடம் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். மக்கள் அதிகம் புழங்கும் நீர்நிலைகளின் கரையில் மிதக்கும் பொருள் கட்டிய நீண்ட கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று எழுதிவையுங்கள். நீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றக் குதிப்பவர்கள் தாமும் மூழ்கிப் போவது அடிக்கடி நடக்கும் துயரம். குதிக்காமல் கரையிலிருந்து கயிறோ கழியோ நீட்டுவதையும், உரக்கக் கூவி ஆள் சேர்ப்பதையும் விளையாட்டைப் போலவே பழக்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்றவர் முன்னிலையில் நீச்சல் கற்றுக்கொடுப்பதும், பெரியவர்கள் வேலையில் இருக்கும் நேரங்களில் மழலைகளைப் பாதுகாப்பான ஓரிடத்தில் வைத்துக் கவனிப்பதும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் அடங்கும்.

முதலுதவிப் பயிற்சியை முறையாக அளிக்கும் செஞ்சிலுவை போன்ற அமைப்புகளிடமிருந்தோ அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்தோ ஒரு பயிற்றுநரை வரவழையுங்கள். மூச்சும் நாடித்துடிப்பும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், வளர்ந்தவர் என்றால் 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று எழுதிவைத்திருப்பார்கள்; ஆனால் அதைப் பொம்மையின் மேல் கைவலிக்க அழுத்திப் பழகாமல், படித்து மட்டும் ஒருவரால் செய்துவிட முடியாது. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் ஊர்களில் இந்தப் பயிற்சியின் மதிப்பு நகரத்தில் இருப்பதைவிடக் கூடுதல். பயிற்சி மறந்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரத்ததானத்தைப் பொறுத்தவரை, உலக இரத்ததான நாளான ஜூன் 14 அன்று முகாம் நடத்துவதோடு நின்றுவிடாதீர்கள். அவசரத்துக்கு அழைக்க, உறுப்பினர்களின் இரத்த வகைப் பட்டியலைச் செயலாளர் வைத்திருப்பது ஆண்டு முழுவதும் பயன்படும். பல நாடுகளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை பொதுவாக 50 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற விதிகள் உண்டு. உங்கள் பகுதியின் விதியை இரத்த வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் தனிப்பட்ட மருத்துவத் தகவல் என்பதால், அதைக் குழு உரையாடல்களில் பகிரக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி: பெற்றோரின் மறுப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட்டால் காரியம் நடக்காது. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நேரடியானவை: யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வீடு திரும்புவாள்? இவற்றுக்கு மன்றத்திடம் எழுத்தில் விடை இருக்க வேண்டும். கூட்டத்தைப் பகல் நேரத்துக்கு மாற்றுங்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்து அவர்களைக் கோலத்துக்கும் வரவேற்புக்கும் ஒதுக்கிவிடாமல், பொருளாளர் பொறுப்பையோ மேற்சொன்ன பாதுகாப்புக் கணக்கெடுப்பையோ பெண் உறுப்பினர்களிடம் கொடுங்கள். ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. எனவே உங்கள் மன்றத்தில் குழந்தைகளும் வளர்ந்தவர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். வளர்ந்தவர் ஒருவர் 18 வயதுக்குட்பட்ட ஒருவரோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, படம் எடுத்து வெளியிடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், புகார் இருந்தால் மன்றத்துக்கு வெளியே உள்ள இன்னாரிடம் சொல்லலாம் என்ற அளவிலாவது விதிகளை எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். பெற்றோர்கள் அதை வந்து படிப்பார்கள்.


குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லாம் நல்ல யோசனைகள்தான், ஆனாலும் எதிர்ப்பக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன்னார்வப் பணி என்ற பெயரில் இளைஞர்களின் நேரத்தை இலவசமாக வாங்கிக்கொள்ள எல்லோரும் தயாராக இருப்பார்கள். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை மன்றம் சும்மா செய்துகொடுத்தால், அந்தக் கூலியை நம்பியிருக்கும் ஊர்த் தொழிலாளி ஒருவரின் பிழைப்பில்தான் கை வைக்கிறீர்கள். கால்வாய் தூர்வாருவது நிர்வாகத்தின் கடமை என்றால் அதை நிர்வாகம் செய்யட்டும். மன்றம் செய்ய வேண்டியது அளந்து, எழுதி, கேட்பது. அடுத்ததாக, தேர்தல் காலத்தில் மன்றத்தின் அறையும் பெயரும் யாருக்கும் கொடுக்கப்படாது என்பதை இப்போதே தீர்மானமாக எழுதிவையுங்கள், தேர்தல் அறிவித்த பிறகு எழுதினால் அது யாருக்கோ எதிரானதாகத் தெரியும். வெறுமனே விளையாடுவதற்கும் கூடிப் பேசுவதற்கும் உள்ள நேரத்தைக் குற்ற உணர்ச்சியோடு குறைத்துவிடவும் வேண்டாம். ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று மேலே சொன்ன அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது.


மழைமானி எழுதியது:

வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களைப் பற்றி ஒரு யோசனை. 2010-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அந்த நாட்டைக் கண்ணால் பார்த்திராத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் தலைநகரின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம். நகரத்தில் இணைய வசதியோடு இருக்கும் உங்கள் நண்பர்கள் படத்தைப் பார்த்துப் பாதைகளையும் வீடுகளையும் வரையட்டும். ஊரில் இருப்பவர்கள் நடந்து போய், பாதையின் பெயர் என்ன, மழைக்காலத்தில் எந்தப் பாதை மூழ்கும், ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று சரிபார்த்துச் சொல்லட்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஊர்ப் பெயர்கள் இருப்பதில்லை என்பதால் இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுவார்கள். செவிலி அக்கா சொன்ன நீர்நிலைகளையும் கயிறு தொங்கும் இடங்களையும் அதே களநடையில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். தனிப்பட்டவர்களின் பெயரையோ வீட்டு விவரங்களையோ மட்டும் பொது வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.


பழைய செயலாளர் எழுதியது:

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். இங்கே வந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்கினால் எதுவும் நிற்காது. முதல் கூட்டத்தில் இவற்றைக் கரும்பலகையில் எழுதி, உறுப்பினர்களையே வாக்களித்து இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 14 வயதுக்காரரின் வாக்குக்கும் உங்கள் வாக்குக்கும் ஒரே மதிப்பு. மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, தொடர்வதா கைவிடுவதா என்று மறுபடி வாக்கெடுங்கள். கைவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இளையோரைத் தொடர்ந்து ஈடுபட வைக்க 1956-இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில், தொண்டு, உடற்பயிற்சி, கைத்திறன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்று மாதக்கணக்கில் செய்யச் சொல்கிறார்கள். அந்த அளவு உங்களுக்கும் பொருந்தும். பணத்தை இருவர் கையெழுத்தில்தான் எடுக்க வேண்டும். கணக்கை மாதந்தோறும் சுவரில் ஒட்ட வேண்டும். கூட்டத் தலைமையை முறை வைத்து மாற்றுங்கள். நீங்கள் வெளியூருக்குப் போகும் நாளில் மன்றம் உங்களோடு போய்விடக் கூடாது அல்லவா.


செம்மண்தடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பகலில் கூட்டம் வைத்துக் கரும்பலகையில் எழுதினோம். நீர்நிலைப் பாதுகாப்பும் மழை, கிணற்றுப் பதிவும் அதிக வாக்குகள் பெற்றன. கணக்கெடுப்பின் பொறுப்பைப் பெண் உறுப்பினர்கள் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பெற்றோர்களும் வந்திருந்து, விதிகளில் ஒன்றைத் திருத்தச் சொன்னார்கள். தேர்தல் தொடர்பான தீர்மானமும் நிறைவேறியது. மழைமானியைக் கம்பத்தில் பொருத்தலாமா, தரையிலேயே வைக்கலாமா என்பதில்தான் வாக்குவாதம். ஒரு நாள் அளக்க மறந்துவிட்டால் மறுநாள் அளவைப் பாதியாகப் பிரித்து எழுதலாமா என்றும் ஒருவர் கேட்டார்.


மழைமானி எழுதியது:

கம்பமே நல்லது. தரையில் வைத்தால் பக்கத்து மண்ணில் விழும் துளிகள் தெறித்து உள்ளே விழும், ஆடுமாடுகளும் தட்டிவிடும். வாய்ப்பகுதி தரையிலிருந்து அரை மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையில் இருக்கட்டும். கம்பத்தின் உச்சியைச் சரிவாகச் சீவிவிட்டு, மானியின் வாய் அந்த உச்சிக்கு மேலே சில அங்குலம் நீட்டிக்கொண்டிருக்குமாறு பக்கவாட்டில் பொருத்தினால், கம்பத்தில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே விழாது. மட்டம் பார்த்து நேராக நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, குறித்துவிட்டு, தண்ணீரைப் பூச்சியக் கோடு வரை மட்டும் கொட்டிவிடுங்கள்.

பாதியாகப் பிரித்து எழுதவே கூடாது. எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்பது தெரியாதபோது பிரித்து எழுதினால் இரண்டு நாள் பதிவும் பொய்யாகிவிடும். தவறவிட்ட நாளில் 'அளக்கவில்லை' என்றும், மறுநாள் 'இரண்டு நாள் மொத்தம்' என்று அளவோடும் எழுதுங்கள். அளக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது மூவர் இருக்கட்டும், தேர்வுக் காலம் வரும்போது தேவைப்படும்.